பஸ் முனையில் பந்தயம்

மெர்சிக்கு அசல் லேப்ரடார் நாய்க்குட்டிதான் வேண்டும். மகள் கிறிஸ்டினாவுக்குக் கிராஸ் குட்டிதான் வேண்டும். முந்தாநாள் இரண்டையும் கொண்டுவந்து விட்ட கணவன் ராபினோ, எந்தப் பக்கமும் பேசவில்லை.

"டாடி பஸ்ஸை வுட்டு எறங்கறப்போ ரெண்டையும் அவுத்து வுடுவோம். எது டாடியாண்ட ஓடுதோ, அதுதான் நம்ம ஊட்ல," என்றாள் கிறிஸ்டினா.

வேப்பம்பட்டு முனையில் கம்பெனி பஸ் நின்றது. ஒரே மாதிரி நீலச் சட்டையில் பத்துப் பேர் இறங்கினார்கள். அம்மாவும் மகளும் குட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். லேப்ரடார் ஓடிப்போய், ராபினோடு வேலை செய்யும் தணிகைவேலின் காலைச் சுற்றியது. கிராஸ் குட்டி நேராக ராபின் மேல் தாவியது.

"நான் ஜெயிச்சுட்டேன்," என்று குதித்தாள் கிறிஸ்டினா.

"இன்னாடி ஜெயிச்சுட்ட? லேப்ரடாரைக் குடுத்ததே தணிகை அண்ணன்தான். வளத்தவராண்ட ஓடாம வேற எங்க ஓடும்?" என்ற மெர்சி, சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இது ஏன் உங்களாண்ட ஓடியாந்துச்சு?"

ராபின் டிபன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். குட்டி அங்கேயும் போய் மூக்கால் முட்டியது.

தணிகைவேல் சிரித்தார். "கம்பெனி கேட்டாண்ட பொறந்த குட்டிம்மா இது. ஒரு மாசமா ராபின் கையாலதான் அதுக்கு நாஷ்டா."

"வேலை ஜாஸ்தி, பசி தாங்கலன்னு தினம் நாலு இட்லி சேத்துக் கட்டச் சொன்னீங்களே, அதுவா?"

ராபின் மெதுவாகத் தலையாட்டினான்.

மெர்சி குனிந்து கிராஸ் குட்டியை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அப்போ இதை வளத்தது நான்தான். லேப்ரடாரை அண்ணனாண்டயே குடுத்துட்டு ஊட்டுக்கு வாங்க."