கிராம்பு வாசம்

"இன்னாம்மா அம்பிகா, பூஞ்சையே புடிக்காதுன்னு சொன்ன. இது இன்னா, சந்தனமா?"

முதலாளி முனீர் அகமது பாலித்தீன் கவரை இழுத்து வீசினார். பதம் போட்டு அடுக்கியிருந்த தோல் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. அம்பிகா குனிந்து அந்தத் தோலைப் புரட்டிப் பார்த்தாள்.

வாணியம்பாடியில் அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் லேபில் வேலை பார்ப்பவள் அவள். வழக்கமான பூஞ்சை மருந்து போட்ட தோல் ஆகாது என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டான். கிராம்பு எண்ணெயில் செய்து காட்டுகிறேன் என்று இவள்தான் மல்லுக்கு நின்று சோதனைக்கு இந்த ஓர் அடுக்கை வாங்கினாள். பலிக்காவிட்டால் லேபுக்கே பூட்டு என்று முதலாளி அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"லேப்ல மூடி போட்ட தட்டுல ஒண்ணுகூட முளைக்கல சார். கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜெனால்தான் பூஞ்சையைக் கொல்லுது. ஆனா தொறந்து வெச்சா காத்தோட போய்டும். அதான் கவரை இறுக்கி மூடுங்க, பிரிக்கவே கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன்."

"வாசம் மட்டும் வெளி கேட் வரைக்கும் தூக்குச்சே. அத்த வெச்சு நான் இன்னா பண்றது? தபரேஸ், எவனாச்சும் பிரிச்சானா?"

மேஸ்திரி தபரேஸ் பதறிப்போனார். "அல்லா மேல சத்தியமா இல்ல பாய். நம்ம ஆளுங்க ஒருத்தனும் கை வெக்கல."

முதலாளி இவள் பக்கம் திரும்பினார். "பிரிச்சவன் யாருன்னு சொல்லு. அவனை இப்பவே வெளிய அனுப்பிட்டு, உனக்கு இன்னொரு அடுக்கு தர்றேன். இல்லன்னா மருந்துதான் தப்பு. நாளைலேர்ந்து வராதே."

யாரைச் சொல்வாள் பாவம்? வெளியே வந்தாள். படித்த படிப்பெல்லாம் பாழாய்ப் போனதே என்று அழுதுகொண்டே நடந்தாள்.

கேட் அருகே பெருக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா எல்லம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இதே ஷாப்பில் கூட்டிப் பெருக்கித்தான் மகளைப் படிக்க வைத்தவள்.

"இன்னா கண்ணு, ஏன் அழுவுற?"

"என் மருந்து சரியில்லையாம்மா. வேலை போய்டுச்சு. எல்லாம் என் தப்புதான்."

"யாரு சொன்னது? வாயில புழு வெக்க!" எல்லம்மா கொதித்தாள். "எம்பொண்ணு மருந்து சரியில்லையா? வந்து என்னைக் கேக்கச் சொல்லு! இந்த நாத்தத்துலயே கெடக்குற பொம்பளைங்க, டீ நேரம் ஆனா எப்படா உன் அடுக்குகிட்ட போவோம்னு பறந்தாங்க. 'எம்பொண்ணு செஞ்சதுடி, நல்லா மோந்து பாருங்க'ன்னு தெனமும் நான்தானே அந்தக் கவரைப் பிரிச்சு விட்டேன்!"