ஆறு பிஸ்டன்

"ஆறு சிலிண்டருக்கும் தலை மேடான பிஸ்டனா போடு கலியபெருமாளு. திண்டிவனத்துல அஞ்சுக்கு எடுக்கிற வண்டி, கால் மணி முன்னாடி செஞ்சிக்கு வந்தாகணும்," என்றார் பஸ் முதலாளி வாசுபூஜ்யன்.

போட்டி வண்டியோடு பந்தயம் விட்டு ஜனங்களைக் கொல்லப் பார்க்கிறார் என்று மெக்கானிக் கலியபெருமாள் முடிவுகட்டினான். மேடு போனால் வேகமும் போகும். ஆறு பிஸ்டனையும் லேத்தில் தட்டையாகச் சீவி மாட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. நாலு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக உள்ளுக்குள் பெருமை வேறு.

மறுநாள் வண்டி வருவதற்குள் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். முதலாளி சோற்றுத் தூக்கோடு காத்திருந்தார்; பக்கத்தில் கலியபெருமாளும் நின்றான். திண்டிவனத்தில் டீச்சராக இருக்கும் அவர் மகள் ஜ்வாலாமாலினி, ஏழு மாத வயிற்றோடு மெல்ல இறங்கினாள்.

"இன்னைக்கும் பொழுது விழுந்துடுச்சு நைனா."

விளக்கு வைத்தபின் ஜைனர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அது செஞ்சிக்கே தெரியும். கலியபெருமாளுக்கும் தெரியும்.

தலைகுனிந்து நின்றவன் கையில் முதலாளி தூக்கைக் கொடுத்தார்.

"பழைய வண்டி, நீ இன்னா பண்ணுவ? நீயாச்சும் சாப்டு. ரெண்டு நாளா இவளுக்காகத்தானே பாடுபட்ட."