சொந்தக்கார நேயர்கள்

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ரேடியோவ நிஜமாவே யாராச்சும் கேக்குறாங்களா?"

மெத்தைக் கடைக்காரர் இதைக் கேட்ட இடம் வானொலி நிலையம். அதாவது, வீட்டின் பின்பக்கப் படுக்கையறை. எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகள் தொங்கின. நிலையத்தின் நிறுவனர், செய்தி வாசிப்பவர், விளம்பரப் பிரிவு, போர்வை துவைப்பவர் எல்லாம் அவள் ஒருத்தியே. ஊரில் இருந்தபோது அறிவிப்பாளர் தேர்வில் குரல் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிழைக்க வந்த நாட்டிலும் யாரும் வேலை தரவில்லை. ஆகவே தானே ஒரு தமிழ் வானொலியைத் தொடங்கி, தனக்குத் தானே வேலை போட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! ஆயிரக்கணக்குல கேக்குறாங்க."

"அதான் நேத்தே போன்ல சொன்னேனே, இன்னைக்கு நேயர்களப் பேச விடுங்க. இங்கயே உக்காந்து கேக்குறேன். மூணு பேராவது பேசினா விளம்பரம் தொடரும். இல்லன்னா என்னை விட்ருங்க."

அவருடைய மெத்தை விளம்பரம் ஒன்றுதான் நிலையத்தின் வருமானம். அது நின்றால் மூடுவிழாதான்.

யாரும் பேசாவிட்டால் மானம் போய்விடும் என்று, அவள் இதுவரை நேயர் அழைப்பே வைத்ததில்லை. அதனால் கணவரையும் மாமியாரையும் காலையிலேயே நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தாள். "மூணு பேரும் குரல மாத்திக்கிட்டுப் பேசுங்க. என்ன வேணா பேசுங்க, ரேடியோ கேக்குறதாச் சொன்னா போதும்."

தொலைபேசி எண்ணை அறிவித்து வாய் மூடவில்லை, மணி அடித்தது. கரகரத்த ஆண்குரல்.

"ஏம்மா, நேத்து மழைச் செய்திய ரெண்டு தடவ வாசிச்சீங்களே?"

கணவர்தான். கல்யாணமான நாள் முதல் சேர்த்துவைத்த கடுப்பை நேரலையில் இறக்குகிறார்.

"மழை இன்னும் விடலையேங்க, அதான். தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு? வீட்டுல வெந்நீர் வச்சுத் தரச் சொல்லுங்க."

"வீட்டுல யாரும் இல்லம்மா. உங்க குரல் மட்டுந்தான்." குரல் உடைந்தது.

சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்குள் இப்படியொரு நடிகரா!

வைத்ததும் மறுபடி மணி.

"அக்கா, நான் ஆஸ்பத்திரில தரை துடைக்கிற வேலை பாக்குறேன். நாள் முழுக்க ஒருத்தரும் தமிழ் பேச மாட்டாங்க. வீட்டுக்கு வந்து உங்க ரேடியோவப் போட்டாத்தான் மூச்சே வரும்."

நாத்தனார். சொந்த வீட்டிலேயே துடைப்பத்தைத் தொடாதவளுக்கு ஆஸ்பத்திரித் தரையாம்!

மூன்றாவது, வயதான பெண்குரல். "ஏம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசேன். ரயிலப் பிடிக்கவா போற?"

மாமியார் வேஷம்கூடப் போடவில்லை.

"சரிங்க அத்தை..." என்று வாய்தவறி, "அத்தை மாதிரி இருக்கிற பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்ல நேயர்களே!" என்று சமாளித்தாள்.

அத்தோடு நிகழ்ச்சி நேரம் முடிந்தது. மெத்தைக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல அந்தப் பெரியவர் பேசினது மனச என்னவோ பண்ணிருச்சு மேடம். இன்னும் ஒரு வருஷத்துக்கு விளம்பரம் போடுங்க."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கணவரை அழைத்தாள்.

"ஏங்க, மூணு பேரும் பின்னிட்டீங்க! விளம்பரம் கெடைச்சாச்சு. ஆனா, வீட்டுல யாருமில்லன்னு அழுதீங்களே, அதுதான் கொஞ்சம் ஓவர்."

"யாரு அழுதா?" என்றார் அவர் எரிச்சலாக. "ஆளுக்கொரு போனை வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அடிச்சோம், நீ நம்பர் சொன்னதுலேருந்து முடியற வரைக்கும் எங்க ஒருத்தருக்குமே லைன் கெடைக்கல!"