பதினொரு கேள்விகள்

கடலோர ஊர் ஒன்றின் மாதா கோயிலில் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்ய உதவி கேட்டு, கோயிலின் காணிக்கைப் பக்கம் இணையத்தில் காத்திருந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஜெசிந்தா மூன்று நாளாகப் போனில் அந்தப் பக்கத்துக்கு வந்து, பாதியிலேயே திரும்பிப் போனாள்.

நான்காம் நாளும் அப்படியே நடக்க, பக்கம் அவளுடைய போனிடம் கேட்டது: "கொடுக்க மனசில்லையா அவளுக்கு?"

"மனசுக்கு என்ன குறை? சாப்பாட்டு நேரமே பத்து நிமிஷம். நீயோ பிறந்த தேதி, பாஸ்வேர்டு, பின்கோடு என்று பதினொரு கேள்வி கேட்கிறாய். ஏழாவதுக்குள் வார்டில் கூப்பிட்டுவிடுகிறார்கள்."

பக்கத்துக்குச் சுருக்கென்றது. அவளைக் கல்நெஞ்சக்காரி என்றல்லவா நினைத்திருந்தது. அன்றே பத்துக் கேள்விகளை அழித்துவிட்டு, பெயரை மட்டும் கேட்டது.

மறுநாள் ஜெசிந்தா ஒரே நிமிஷத்தில் பணம் அனுப்பிவிட்டாள். பெயர் கேட்ட இடத்தில், "குழந்தையில் எனக்குத் திருமுழுக்குக் கொடுத்த கோயிலுக்கு. என்னிடமும் உதவி கேட்டதற்கு நன்றி" என்று எழுதியிருந்தாள்.

பக்கம் நெகிழ்ந்துபோனது. "நன்றி சொல்ல வேண்டியது நானல்லவா? அவளைக் கொஞ்சம் கூப்பிடேன்."

"இரு, முதலில் சாப்பிடட்டும்" என்றது போன். "நாலு நாளாக உன்னோடு மல்லுக்கட்டியே அவள் சோறு ஆறிப்போனது."