நாளைக்கும் கூப்பிடுறேன்

"குட்டி எழுந்து நின்னுச்சாப்பா?"

பிறவியிலேயே பின்னங்கால்கள் அகன்று, தவளைபோலத் தரையோடு கிடந்த நாய்க்குட்டி. அது நடக்கும்வரை தினமும் வீடியோவில் பார்ப்பதாக, வெளியூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் மகள் சொல்லியிருந்தாள். அதற்கு முன்னெல்லாம் அவள் கூப்பிடுவது அத்தி பூத்தாற்போலத்தான்.

"எங்கேம்மா நின்னுச்சு? நீ சொன்ன மாதிரியே காலுக்கு டேப் ஒட்டி, வழுக்காம சாக்கும் விரிச்சிருக்கேன். இன்னும் வயித்தாலதான் இழுத்துக்கிட்டுப் போகுது."

"மல்லாக்கப் பிடிச்சுக் காட்டுங்க."

காட்டினார். டேப் புத்தம் புதிதாக இருந்தது. வயிற்றில் மருந்துக்குக்கூட அழுக்கில்லை. நாலு பாதத்திலும்தான் தோட்டத்துச் சேறு அப்பியிருந்தது.

அவள் தன் ஒற்றை அறையைப் பார்த்தாள். ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஆமாப்பா, குணமாக இன்னும் ரொம்ப நாளாகும். நாளைக்கும் கூப்பிடுறேன்."