ஏழாவது விளக்கு

அலுவலகம் விட்டு வந்ததும் தனுஷ்கோடி கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். வீடெங்கும் உருளும் ஆறு குட்டி ரோபோக்களும் வைஃபையில் அதோடு இணைந்தவை. திரையில் ரோபோவுக்கு ஒன்றாக ஆறு விளக்குகள்; ஒன்று சிவந்தால் போதும், ஸ்குரூடிரைவரோடு ஓடுவார்.

"என்னங்க, காய்ச்சல் விடவே இல்லீங்க." படுக்கையறையிலிருந்து மனைவி வேதவல்லி மறுபடியும் சொன்னாள்.

"இதோ வர்றேன்மா."

வரவில்லை.

ரோபோ சூடேறினால் கணினிக்குக் காட்டிக்கொடுக்கும் உதிரிப் பட்டை ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள்.

திரையில் ஏழாவது விளக்கு முளைத்தது. உடனே சிவந்தது. 'அதிக வெப்பம். படுக்கையறை.'

தனுஷ்கோடி பாய்ந்து வந்தார். குனிந்து கட்டிலடியில் துழாவினார்.

"இங்க ஏதுடி ரோபோ?"

பட்டை கட்டிய கை அவர் முகத்துக்கு நேரே தொங்கியது.

"நான்தாங்க. கழட்டிப் பார்க்க வேணாம், கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடுங்க."