இடுப்பில் கட்டிய துண்டு

எங்கள் ஊர் இசைக்குப் பேர்போனதாம். அதை நாலு பேருக்குச் சொல்ல, காலமான நாயனக்காரர் ஆபத்சகாயத்துக்குப் பேரூராட்சி சிலை வைத்தது. திரையை விலக்கினார்கள். நாயனத்தை வாயில் வைத்து நின்ற அவருக்குத் துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மகள் பங்கஜவல்லி மட்டும் எழுந்தாள்.

“அப்பா துண்டை யாரு இறக்கினது?”

“மிராசுதார் வீட்டுக் கல்யாண போட்டோவைப் பார்த்து செஞ்சதும்மா. அதுல நாயனம் கையில இருந்துச்சு, நாங்கதான் வாயில வைக்கச் சொன்னோம்,” என்றார் பேரூராட்சித் தலைவர்.

“அங்க பெரிய மனுசங்க முன்னாடி தோள்ல துண்டு கூடாதுன்னாங்க. இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. தாலி ஏறினப்பகூட நாயனத்தை வாயில வைக்கல.”

“சிமெண்ட்டுல செஞ்சாச்சு. இனிமே துண்டை அவுக்க முடியாதும்மா.”

பங்கஜவல்லி சிலை செய்தவரிடம் திரும்பினாள்.

“அப்ப வாயிலேர்ந்து நாயனத்தை எடுத்துடுங்க.”